வரலாற்றுச் சொற்பட்டியலில் உழைத்தவர்களுக்கும் இடம் கொடுங்கள்: பீடோங் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, வரலாறு போதிக்கும் ஆசிரியர்களே, கோயில் மண்டபத்திலும் சமூக மண்டபத்திலும் சம்பளம் வாங்காமல் மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், நம் பீடோங் வட்டாரத்தில், படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளி முதலாண்டுக்கு) போகும் பிள்ளைகளின் கையில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. "உலக வரலாறு: முக்கியச் சொற்கள்" என்று தலைப்பு. போட்டோஸ்டாட் எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள்கள். இடப்பக்கம் மலாய்ச் சொல், நடுவில் தமிழ், வலப்பக்கம் ஒரு வரி விளக்கம். முதலில் தயாரித்தவர் யாரென்று இன்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு என் நன்றி உண்டு. தமிழ்ப்பள்ளியில் வரலாற்றைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் அதே பாடத்தை மலாயில் தொடரும் பிள்ளை முதல் ஆறு மாதம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு கைத்தடி தேவை. 2013ஆம் ஆண்டிலிருந்து எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ் வேண்டுமென்றால் வரலாற்றில் தேறியே ஆகவேண்டும் என்ற நிலையில், இந்தத் தாளைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

பட்டியலைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். "மெசொப்பொத்தேமியா: இரு நதிகளுக்கு இடையே தோன்றிய நாகரிகம்." "பாரோ: எகிப்திய மன்னன்." "பேரரசு: பல நாடுகளை அடக்கி ஆளும் பெரிய அரசு." "மக்களாட்சி: ஏதென்ஸ் நகரில் தோன்றிய ஆட்சிமுறை." "காலனித்துவம்: ஒரு நாடு மற்றொரு நாட்டைக் கைப்பற்றி ஆளுதல்." எதுவும் தவறில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை தேடினாலும் கல் சுமந்தவர் ஒருவர் இல்லை, நெல் அடித்தவர் இல்லை, கூலி கேட்டவர் இல்லை. அரசன் கட்டினான், அரசன் வென்றான், அரசன் சட்டம் இயற்றினான், அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாமே கொடுக்கும் தாள் இப்படி இருக்கலாமா?

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை, யார் பாதி நாளில் திரும்பினார் என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதியே என் உத்தியோகக் காலம் போனது. சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் ஒன்று பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது, பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆளையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடியபோது கிடைத்தவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

எகிப்தை எடுத்துக்கொள்வோம். நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகரத்துக்கு எதிரே, தெய்ர் எல்-மதீனா என்று ஓர் இடம் இருக்கிறது. பாரோக்களின் கல்லறைகளைப் பாறைக்குள் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். சுற்றி மதில், நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், மதிலுக்குள் மொத்தம் ஏறக்குறைய 70. சம்பளம் தானியமாக வரும்: ரொட்டிக்குக் கோதுமை, பீருக்கு வாற்கோதுமை. அங்கே கணக்கு எழுதியவர்கள் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் மையால் எழுதினார்கள். அந்தச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டு. 40 தொழிலாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவர் வேலைக்கு வராத நாள்கள் கறுப்பு மையில். வராத காரணம் அந்த நாளுக்கு மேலே சிவப்பு மையில். செபா என்பவரைத் தேள் கொட்டியது. ஹுய்நெஃபர் என்பவருக்குக் கண்வலி, மறுபடி கண்வலி. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார். ஒருவர் இறந்துபோன சகோதரனின் உடலைப் பதப்படுத்தப் போனார். வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு என்பதும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

இது செக்ரோல். மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட செக்ரோல். இந்தக் கல்லின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி வரிசை வரிசையாக விளக்கியபோது மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பால் வெட்டும்போது தேள் கொட்டி வீங்கிய விரலோடு தன் பாட்டி அடுத்த நாளும் நிறைக்கு, ரப்பர் மர வரிசைக்கு, போன கதையை ஒரு பெண்பிள்ளை சொன்னாள். "செபாவுக்கு அன்றைக்குக் கூலி வெட்டினார்களா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். எகிப்துப் பாடத்தில் அதுவரை எந்தப் பிள்ளையும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து நேராக வேலைநிறுத்தத்துக்குப் போகலாம். செபா காலத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, மூன்றாம் ராம்செஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், அதே ஊர்த் தொழிலாளர்களுக்குத் தானியம் வந்து சேரவில்லை. மாதம் பாதி கடந்தும் படி அளக்கவில்லை. கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி நடந்து, ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பசியும் தாகமும்தான் தங்களை அங்கே கொண்டுவந்தன, உடுக்கத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் அரசருக்கு எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னதை அமென்னக்த் என்ற எழுத்தர் பதிவு செய்து வைத்தார். அந்தப் பாபிரஸ் தாள் இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலக வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள். அரசாங்கம் கடைசியில் தானியம் கொடுத்தது; பிறகு மறுபடி தாமதமானது; மறுபடி அவர்கள் உட்கார்ந்தார்கள்.

இந்தக் கதை தெரிந்த பிள்ளைக்குப் "பாரோ" என்ற சொல் மறக்குமா?

இதை வாசிக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்நேரம் ஹார்வர்ட் தோட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஜப்பானியர் போன பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு, தொழிலாளியை மரியாதையாக நடத்து என்று கேட்டு 1947இல் கெடா தோட்டங்களில் நடந்த போராட்டங்களும், அவற்றை அடக்கக் காவல்துறை வந்ததும் ஆய்வு நூல்களில் ஏறியிருக்கின்றன. கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் ஆர். எச். நாதன் வழிநடத்திய பெரிய வேலைநிறுத்தமும் அப்படித்தான். நம் பட்டியலில் "வேலைநிறுத்தம்" என்ற சொல்லே கிடையாது. அதைச் சேருங்கள். பக்கத்தில் தெய்ர் எல்-மதீனாவையும் எழுதுங்கள், ஹார்வர்ட் தோட்டத்தையும் எழுதுங்கள்.

பேரரசு என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. பட்டியல் சொல்வதுபோல் அது வெறும் "பெரிய அரசு" மட்டும் என்றால் பிள்ளைக்கு வரைபடத்தில் ஒரு வண்ணம்தான் தெரியும். பேரரசு என்றால் களஞ்சியம், சாலை, கணக்கு. பாரசீகத்தின் பெர்செபோலிஸ் நகரில் 1933, 1934 ஆண்டுகளில் தோண்டியபோது ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. முதலாம் டேரியஸ் காலத்தவை, கி.மு. 500ஐ ஒட்டியவை. போர் வெற்றிகளைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. எந்த வேலைக் கூட்டத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு திராட்சை மது, சாலையில் போகும் தூதருக்கு எந்தச் சத்திரத்தில் எவ்வளவு மாவு என்ற கணக்குகள்தான் இருக்கின்றன. பிரசவித்த தொழிலாளிப் பெண்களுக்குத் தனிப்படி கொடுத்திருக்கிறார்கள். ஆண் குழந்தை பெற்றவளுக்குக் கொடுத்ததில் பாதிதான் பெண் குழந்தை பெற்றவளுக்கு. இதைச் சொன்னால் நம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கோபம் வரும். வரட்டும். 1920களின் இறுதியில் மலாயாவின் பல தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசே நிர்ணயித்திருந்ததையும் அப்போதே சொல்லிவிடலாம். வெட்டிய மரம் இருவருக்கும் ஒரே மரம்தான்.

சீனாவைப் பற்றிச் சொல்லும்போது கி.மு. 221இல் சின் அரசன் ஆறு நாடுகளை வென்றதோடு நிறுத்தாமல், எடைக்கல், அளவை, எழுத்து, வண்டி அச்சின் அகலம் வரை ஒரே சீராக்கியதைச் சொல்லுங்கள். மெசொப்பொத்தேமியாவுக்கு ஊருக் நகரத்துக் களிமண் பலகைகள் போதும். உலகின் மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, பீர் ஆகியவற்றின் கணக்குகள். ஏதென்ஸ் மக்களாட்சியைச் சொல்லும்போது, அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வாக்கு இல்லை என்பதையும், அந்நகரின் கடற்படைக்குப் பணம் கொடுத்த லாவ்ரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதையும் விட்டுவிடக் கூடாது. சிந்துவெளிக்கு வரும்போது, அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை என்பதையும், வாசித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததையும் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று பாடநூலில் இருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கிறது!

சமயங்களைப் பற்றிய பகுதியில் பட்டியல் இன்னும் ஏழையாக இருக்கிறது. ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு நிறுவனர், ஒரு நூல், ஒரு வழிபாட்டிடம். நம் மண்டபத்து வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்துவப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்கிறார்கள். தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். பள்ளிக்குப் போனால் மலாய், சீனப் பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவனின் நம்பிக்கையை ஒரு வரியில் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் என்ன தெரியப்போகிறது? சமயங்கள் எப்படிக் கடல் கடந்து வந்தன, யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிக் கொடுத்தால், அவை மனிதர்களோடு மனிதர்களாகப் பயணம் செய்தவை என்று பிள்ளைக்குப் புரியும்.

இதற்குத் தூரம் போகவேண்டாம். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நடுவில் தூபியின் உருவம், பக்கங்களில் எழுத்து. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தர் என்ற கப்பல் தலைவர் தன் பயணம் நல்லபடியாக முடியவேண்டி எழுதிவைத்த கல் அது. இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பௌத்தம் நம் பக்கத்துக்கு வந்த கதையில் இப்படி ஒரு மாலுமி நிற்கிறார். வடக்கே தென் தாய்லாந்தின் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, அதன் பாதுகாப்பை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரிடமும் படைவீரர்களிடமும் ஒப்படைத்த செய்தி அதில் இருக்கிறது. வந்த இடத்தில் குளம் வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பெருமை. இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் 762இல் எழுந்த பாக்தாத் நகரையும், அங்கே இருந்துகொண்டு இந்திய எண்முறையைப் பற்றி நூல் எழுதிய அல்-குவாரிஸ்மியையும், திரெங்கானுவில் ஜாவி எழுத்தில் (மலாய் மொழிக்குரிய அரபு வரிவடிவத்தில்) பொறித்த, 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தைச் சேர்ந்த சட்டக் கல்லையும் ஒன்றாக வைத்துச் சொல்லுங்கள். நம் பிள்ளை கணக்குப் பாடத்தில் தினமும் எழுதும் பூஜ்ஜியம் எந்த வழியாக உலகம் சுற்றியது என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

இனி கடாரத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் "சோழப் பேரரசு: கடாரம் வென்ற தமிழ்ப் பேரரசு, 1025" என்று இருக்கிறது. வாசித்ததும் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். எனக்கும் அந்த வரியை வாசித்தால் உடம்பு சிலிர்க்கும். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் நகர வாயிலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தைக் கைப்பற்றியதையும், ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், இலாமுரிதேசம் என்று ஊர் ஊராகத் தாக்கியதையும் அடுக்கிச் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், அதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணிவர்ம விகாரம் கட்டியது; ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். படையெடுப்பு நடந்து இரண்டு தலைமுறை கழித்து, 1090இல், முதலாம் குலோத்துங்கன் கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று அந்த விகாரத்துக்குரிய உரிமைகளை மறுபடி உறுதிசெய்தான். இந்த இரண்டு கொடைகளும் செப்பேடுகளில் இருக்கின்றன. நட்பு, போர், மறுபடி நட்பு. நடுவில் இருக்கும் போரை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது பாதி வரலாறு.

இன்னொன்று. கடாரம் என்பது இந்த மண். நாம் இங்கேயே பிறந்தவர்கள். சோழர் கப்பல் ஏறி வந்து தாக்கியது இப்போது நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இந்த ஆற்றங்கரைகளைத்தான். அன்று இங்கே இருந்தவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்று நாம் கேட்கவேண்டாமா?

கேட்டால் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊரிலிருந்து மெர்போக் போகும் வழியில், செமிலிங் அருகே, சுங்கை பத்துவில் செம்பனை மரங்களுக்கு நடுவே, 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி வெளியே கொண்டுவந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு உருக்கிய உலைகள், படகுத்துறைச் சுவர்கள், செங்கல் கட்டடங்கள். உலைக்குள் காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. ஒருமுறை ஊதியதும் உடைந்துபோகும் குழாயை உருட்டி உருட்டிச் செய்து, வெயிலில் காயவைத்து, அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தின் மிகப் பழைய காலம் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உழைப்பின் அளவில் யாருக்கும் சந்தேகம் வராது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் குனோங் ஜெராய் அடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், சண்டி புக்கிட் பத்து பஹாட். சண்டி என்றால் பழங்காலக் கோயில். கருங்கல் அடித்தளம், 1930களின் இறுதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் ஆராய்ந்தது, 1960ஐ ஒட்டிப் பழையபடி அடுக்கி நிறுத்தியது. வேறு இடங்களில் கிடைத்த கோயில்களின் எச்சங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே அருங்காட்சியகத்தோடு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், படிவம் ஒன்று பிள்ளைகளை ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்கு எங்கே கூட்டிப்போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பேரங்காடிக்கும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்கும் பஸ் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும், நான் மறுக்கவில்லை. அதே பஸ் போகும்போது அரை நாள் மெர்போக்கில் நிற்கட்டும் என்கிறேன். 2013இல் இந்தப் பள்ளத்தாக்கின் சண்டி ஒன்றை வீடமைப்புக்காக இடித்துத் தரைமட்டமாக்கிய செய்தி வந்தபோது நாம் எல்லாரும் கொதித்தோம், அறிக்கை விட்டோம். கொதித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருந்தோம்? பார்க்காத ஒன்றை நம் பிள்ளைகள் நாளைக்கு எப்படிக் காப்பாற்றுவார்கள்?

கடைசியாக, "காலனித்துவம்". இந்த ஒரு வரிதான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனென்றால் இந்தச் சொல்லுக்குள்தான் நாம் எல்லாரும் இருக்கிறோம்.

பிரிட்டிஷ் பேரரசு 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி என்ற முறை வந்தது. மொரிஷியஸ், கரீபியன் தீவுகள், நட்டால், பிஜி என்று கப்பல்கள் போயின. மலாயாவில் நம்மவர்கள் ஒப்பந்தத்தில் முதலில் வந்து இறங்கிய இடங்களில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களும் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. 1910இல் ஒப்பந்த முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது. கங்காணி என்ற மேஸ்திரி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை 1938 வரை ஓடியது. சூடாமணிவர்ம விகாரம் நின்ற அதே நாகப்பட்டினத்தில்தான் நம் பாட்டன் பூட்டன்களில் பலர் பினாங்குக் கப்பல் ஏறினார்கள். கடாரத்து அரசன் கோயில் கட்ட இடம் கேட்ட துறைமுகத்திலிருந்து கடாரத்துக்குக் கூலி வேலைக்கு ஆள் ஏற்றினார்கள். உலக வரலாறு என்று நாம் தனித் தாளில் எழுதிவைத்திருப்பது நம் லயத்துத் திண்ணை வரைக்கும் வந்து நிற்கிறது. இதை ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நேரம் இல்லை, தேர்வுக்குத் தயார் செய்யவேண்டும் என்று சில ஆசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சுமையை நான் அறிவேன். பாடத்திட்டம் நீளம், பதிவேடுகள் அதிகம், பிள்ளைகளுக்கு மலாய் வாசிப்பே இன்னும் சரளமாக வரவில்லை. ஆனால் தேர்வுத்தாளே மாறிவிட்டதே. கேபாட் என்று சொல்லும் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில், ஏன் அப்படி நடந்தது, அதன் விளைவு என்ன, இன்று நாம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்கிறார்கள். ஒரு வரி விளக்கம் அங்கே உதவாது. தானியம் வராமல் உட்கார்ந்த தொழிலாளியின் கதை தெரிந்த பிள்ளை, அரசின் கடமை என்ன என்ற கேள்விக்குத் தானாகவே பத்து வரி எழுதும். மலாயில் எழுதத் தடுமாறினாலும் எழுதுவதற்கு விஷயம் இருக்கும்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன் நான்கைந்து பேர் உட்கார்ந்து இந்தப் பட்டியலைத் திருத்துவோம். சொல் இருக்கட்டும், மலாய் இருக்கட்டும், தமிழ் இருக்கட்டும். நான்காவதாக ஒரு கட்டம் போட்டு அந்தச் சொல்லுக்குரிய உழைப்பாளி ஒருவரையோ பொருள் ஒன்றையோ எழுதுவோம். பாரோவுக்குச் செபா. பேரரசுக்குப் பெர்செபோலிஸ் களிமண் பலகை. பௌத்தத்துக்குப் புத்தகுப்தர். கடாரத்துக்குச் சுங்கை பத்துக் களிமண் குழாய். காலனித்துவத்துக்கு நம் ஊர்ப் பாட்டி ஒருவரின் சம்பளச் சீட்டு.

அந்தச் சம்பளச் சீட்டு எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அவசரம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனையாகின்றன. லயங்களை இடிக்கிறார்கள். ஆபீஸ் அலமாரிகளில் இருந்த பழைய செக்ரோல் புத்தகங்கள், மருந்துக் கொட்டகைப் பதிவேடுகள், ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) பெயர்ப் பட்டியல்கள் கரையானுக்கும் பழைய பேப்பர் லாரிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் நம் முன்னோரின் பெயர்கள், பலருக்கு வேறெங்கும் எழுதப்படாத பெயர்கள், இருக்கின்றன. எகிப்தியக் கணக்கர்கள் எழுதியது கல், நிலைத்தது. நாங்கள் எழுதியது காகிதம். தோட்ட நிர்வாகங்களுக்கு உங்கள் சங்கக் கடிதத்தாளில் ஒரு வேண்டுகோள் போகட்டும்: கழிக்கும் புத்தகங்களை எங்களிடம் கொடுங்கள் என்று. தனி ஆள் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். சங்கம் கேட்டால் யோசிப்பார்கள். கிடைத்ததை எப்படிப் பாதுகாப்பது என்று தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஆலோசனை கேட்கலாம். பதிவேட்டில் இருக்கும் குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் எதையும் வகுப்பில் காட்டவேண்டாம். சில பக்கங்களில் அபராதமும் நோயும் எழுதியிருக்கும், அது அந்தக் குடும்பத்துக்கே உரியது.

செக்ரோல் எழுத்தை வாசிக்க இன்று பலருக்குத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் நாங்கள் போட்ட குறிகள், கழிவுகளின் சுருக்கெழுத்து, இவற்றை எனக்கு வாசிக்கத் தெரியும். என்னைப்போல் ஓய்வுபெற்ற கிராணிகளும் மண்டோர் எனும் மேற்பார்வையாளர்களும் நம் வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் நான் இருப்பேன். பட்டியலைத் திருத்தும் கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொல்லி அனுப்புங்கள். மெர்போக் பயணத்துக்குப் பஸ் செலவில் என் பங்கையும் அப்போதே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா